சிக்கனச் சமையல் குறிப்பை நாலு வீட்டில் கொடுத்துச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

உங்கள் வீட்டில் நன்றாக வரும் குழம்பு பக்கத்து புளோக்கிலும் நன்றாக வரும் என்று சொல்ல முடியாது. சிக்கனக் குறிப்பு என்றால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும்: சுவையோடு செலவும் சொன்னபடி வரவேண்டும். 5 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) நாலு பேர் சாப்பிடலாம் என்று எழுதியிருக்க, அதை நம்பிக் கடைக்குப் போனவர் 14 வெள்ளி கட்டினால், குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்தக் குறிப்பு தேறவில்லை.

சமூக மன்றச் சமையல் குழு, தீபாவளிப் பலகாரம் சேர்ந்து செய்யும் தோழிகள், அக்கம்பக்கத்து வீடுகள் என்று நாலைந்து பேர் சேர்ந்து குறிப்புகளைச் செய்துபார்த்துத் தொகுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்கும் குழுக்களை நிறையப் பார்த்தாயிற்று. எல்லோரும் முதல் நாளே ஆள் சேர்க்கிறார்கள். ஆள் சேர்ப்பது ஆறாவது வேலை. அதற்கு முன்னால் உள்ள ஐந்தையும் முடிக்காவிட்டால் பிறர் நேரமும் பணமும் வீணாகும். அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, அளவுக் கரண்டி செட், ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி, ஒரு நோட்டு. கடை ரசீதுகளை இன்றிலிருந்து தூக்கிப் போடாதீர்கள், அவையும் கருவிதான்.

கப் அளவு வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கப் கிட்டத்தட்ட 240 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. "1 கப் அரிசி" என்று எழுதினால் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். மாவில் இது இன்னும் மோசம். கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரும், கரண்டியால் தளர்வாகப் போட்டால் 120 கிராம்தான் வரும். கேக் கல்லாகிவிட்டது என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

மேசைக் கரண்டியும் நம்பத்தக்கதல்ல. இங்கே விற்பவை பெரும்பாலும் 15 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் அது 20 மில்லி. ஆனால் 5 கிராமுக்குக் குறைவான உப்பு, பேக்கிங் சோடா போன்றவற்றுக்கு டீஸ்பூன் அளவே நல்லது. வீட்டுத் தராசு அவ்வளவு சிறிய எடையைச் சரியாகப் பிடிக்காது.

2. எதைச் சோதிக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"மலிவான, சுவையான, எளிதான" என்பது விளம்பரம். அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "டின் சார்டின் குழம்பு. 4 பேர், ஒரு வேளை. சோறு தவிர்த்து 5 வெள்ளிக்குள். ஒரே அடுப்பு. 40 நிமிடம்."

இப்போது இதில் ஐந்து இடங்களில் தோற்க முடியும். தோற்பதற்கு இடமிருந்தால்தான் அது சோதனை. "4 பேர்" என்பதையும் விரித்து எழுதுங்கள்: ஆளுக்கு ஒன்றரை மீன் துண்டு, ஒரு கரண்டிக் குழம்பு என்று. சிக்கனக் குறிப்புகளில் ஆள் கணக்கைக் கூட்டிக் காட்டுவதைப்போல எளிதான ஏமாற்று வேறில்லை. அதே சட்டியை 6 பேருக்கு என்று எழுதினால் தலைக்கு ஆகும் செலவு தானாக இறங்கிவிடும், வயிறுதான் நிறையாது.

3. சட்டிக் கணக்கு, கடைக் கணக்கு என்று இரண்டும் போடுங்கள்

இந்த வேலையில் ஆக அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நம் குழுக்களில் ஆக அதிகம் தவறவிடுவதும் இதைத்தான்.

சட்டிக் கணக்கு என்பது சட்டிக்குள் போன பொருளின் விலை. பாக்கெட் விலையைப் பாக்கெட் எடையால் வகுத்து, நீங்கள் போட்ட எடையால் பெருக்க வேண்டும். 1 கிலோ மாவு 2.40 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 250 கிராம் 60 காசு. 10 முட்டை 3 வெள்ளி என்றால் ஒன்று 30 காசு. (இங்கே நான் தரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

கடைக் கணக்கு என்பது, வீட்டில் உப்பும் எண்ணெயும் மட்டும் வைத்திருப்பவர் இன்று கடைக்குப் போனால் கல்லாவில் கட்டும் தொகை. வாழைப்பழக் கேக்கில் அரை டீஸ்பூன் பட்டைத்தூள் போடுகிறோம். சட்டிக் கணக்கில் அது 10 காசு. பட்டைத்தூள் இல்லாத வீட்டில் அது 3.50 வெள்ளி பாட்டில். தேங்காய்ப்பால் பாக்கெட் 200 மில்லி, நீங்கள் ஊற்றுவது 100 மில்லி. மிச்சம் மூன்று நாள் குளிர்பெட்டியில் இருந்துவிட்டுத் தொட்டிக்குப் போகும் என்றால் முழுப் பாக்கெட்டின் விலையையும் குழம்பில்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டு தொகைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தக் குறிப்பு வசதியாகப் பொருள் வாங்கி அடுக்கியிருக்கும் வீட்டுக்குத்தான் சிக்கனம். அப்போது மூன்று வழிகள் உண்டு. அந்தப் பொருளை நீக்கிப் பார்க்கலாம். பாக்கெட் முழுவதும் தீரும்படி அளவை மாற்றலாம். அல்லது மிச்சத்தைப் பயன்படுத்தும் இரண்டாவது குறிப்பை அதே தாளில் சேர்க்கலாம், மிச்சத் தேங்காய்ப்பாலுக்கு ஒரு கங்கோங் கீரைக் கூட்டு என்பதுபோல. மூன்றாவதுதான் என் தேர்வு. வெறும் குறிப்பாக இருந்தது அப்போது இரண்டு வேளைத் திட்டமாகிவிடும்.

கழிவையும் மறக்க வேண்டாம். முட்டைக்கோஸை வாங்கிய எடையில் கணக்கிடாதீர்கள். வெளி இலையும் தண்டும் போன பிறகு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வாழைப்பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலாகவே போய்விடும். டின் மீனில் மொத்த எடை ஒன்று, சாறு வடித்த எடை வேறு. பெரும்பாலும் இரண்டும் லேபிளில் இருக்கும்.

மின்சாரத்தையும் சேருங்கள். 1500 வாட் மேசை ஓவன் 45 நிமிடம் இடைவிடாமல் எரிந்தால் 1.1 யூனிட் சொச்சம். யூனிட் 30 காசு என்று வைத்தால் 34 காசு. ஓவன் சூடானதும் விட்டுவிட்டுத்தான் எரியும் என்பதால் உண்மைச் செலவு இதற்குக் கீழே. ஒரு முட்டை விலைதான். ஆனால் நாலே பிஸ்கட்டுக்காக ஓவனை மூட்டும் குறிப்பில் இது பெரிய பங்கு.

சலுகை விலை, மொத்த விலை, உறவினர் ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் இவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் குறிப்பைப் படிப்பவருக்கு அந்த உறவினர் கிடையாது. தேக்கா சந்தை விலையும் பேரங்காடி விலையும் வேறுபட்டால் இரண்டில் அதிகமானதை எழுதுங்கள்.

4. கிராமிலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்திலும் எழுதுங்கள்

அளவு கிராமில் இருக்க வேண்டும். பக்குவம் நிமிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. குழாய் எரிவாயு, சிலிண்டர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் மூன்று விதமாகச் சூடாகும். "5 நிமிடம் வதக்கவும்" என்பது ஒரு வீட்டில் பச்சை வெங்காயம், இன்னொரு வீட்டில் கருகல். "ஓரம் பொன்னிறமாகி, எண்ணெய் பிரியும் வரை, சுமார் 6 முதல் 9 நிமிடம்" என்று அடையாளத்தை முன்னாலும் நேரத்தைப் பின்னாலும் வையுங்கள். பிரஷர் குக்கருக்கு விசில் எண்ணிக்கையை எழுதவே வேண்டாம். சில குக்கர்கள் நிமிடத்துக்கு ஒன்று அடிக்கும், சில அடிக்கவே அடிக்காது. "முதல் விசிலுக்குப் பிறகு தணலைக் குறைத்து 12 நிமிடம்" என்று எழுதினால் போதும்.

பொருளின் பெயரில் கவனம் வேண்டும். கோதுமை மாவு என்று மட்டும் எழுதினால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் வெள்ளை மாவைப் போடுவார், இந்தியாவிலிருந்து வந்தவர் ஆட்டாவைப் போடுவார். மைதா என்றோ ஆட்டா என்றோ எழுதிவிடுங்கள். "வாழைப்பழம் 3" என்பதும் அப்படித்தான். பெரிய பச்சை வாழை வகைக்கும் குட்டிப் பழமான பீசாங் மாஸுக்கும் எடை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும். "தோல் உரித்த பின் 300 கிராம்" என்று எழுதுங்கள்.

பொருள் பட்டியலைப் பயன்படும் வரிசையில் போடுங்கள். முதலில் ஊறவைக்க வேண்டியது இருந்தால் அதைத் தாளின் தலையிலேயே சொல்லிவிடுங்கள். பருப்பை 2 மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்ற செய்தி ஏழாவது வரியில் வந்தால், வேலை முடிந்து 7 மணிக்கு வீடு திரும்பியவர் அன்று ரொட்டிப் பராட்டா வாங்கித்தான் சாப்பிடுவார். அந்தச் செலவும் உங்கள் குறிப்பின் கணக்கில்தான் வரும்.

5. எழுதிய தாளை மட்டும் பார்த்து நீங்களே இருமுறை செய்யுங்கள்

இதில் இருக்கும் கஷ்டம் உங்கள் கைதான். அது தாளைக் கேட்காது; கடைசியில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை தானாக விழும். ஆகவே வீட்டில் ஒருவரைத் தாளை உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இதற்கு நல்ல ஆட்கள். தாளில் இல்லாததை நீங்கள் செய்தால் உடனே பிடித்துவிடுவார்கள்.

இரண்டாம் முறை வேறு பாத்திரத்தில், முடிந்தால் வேறு பிராண்டுப் பொருளில் செய்யுங்கள். இரண்டும் ஒன்றுபோல வந்தால்தான் பிறரிடம் போகத் தகுதி. ஒருமுறை நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு ஆள் தேடப் போகாதீர்கள்.

6. இப்போது ஆட்களைச் சேருங்கள்

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். எல்லோரும் கைதேர்ந்த ஆன்ட்டிகளாக இருந்தால் சோதனை பயனற்றது. அவர்கள் தாளில் உள்ள ஓட்டையைத் தங்கள் அனுபவத்தால் அடைத்துவிடுவார்கள். ஓட்டை இருந்ததே உங்களுக்குத் தெரியவராது.

எனக்கு வேண்டிய கலவை இது: அடுப்புப் பக்கமே போகாத ஒருவர், வாடகை அறையில் ஒற்றை மின்னடுப்போடு இருக்கும் ஒருவர், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரமில்லாமல் சமைப்பவர், அனுபவசாலி ஒருவர், பட்ஜெட்டை உண்மையிலேயே காசு காசாக எண்ணிச் செலவழிக்கும் ஒருவர். கடைசியாகச் சொன்னவர்தான் இந்தக் குழுவின் முதுகெலும்பு. வசதியானவர்கள் "எல்லாம் மலிவுதான்" என்று எழுதிவிடுவார்கள். இவர் மட்டுமே "கொத்தமல்லிக் கட்டு எதற்கு, ரெண்டு தண்டுக்காகவா?" என்று கேட்பார்.

பொருள் செலவைக் குழு கொடுக்கட்டும். அவரவர் ரசீதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சொந்தக் காசில் வாங்கிக் குழம்பு கெட்டுப்போனால், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு "பரவாயில்லை, நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். பணம் திரும்பி வந்தால் உண்மையும் கூட வரும்.

7. குறிப்பை அனுப்பும் முன் கேட்க வேண்டியது

யாருக்கு என்ன ஒத்துக்காது, யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். முட்டை, பால், வேர்க்கடலை, இறால் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "அலர்ஜி ஏதாவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். வீட்டில் சேர்ந்து சாப்பிடப்போகிறவர்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

மறைந்திருப்பவைதான் ஆபத்து. சம்பலில் பெலாச்சான் இருக்கும், அது இறால். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சில வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் உண்டு, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்பதும் தெரிய வேண்டும். ஹலால் பார்க்கும் வீட்டுக்கும் சைவ வீட்டுக்கும் இவை முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

முட்டை சாப்பிடாதவரிடம் முட்டைக் கேக்கைக் கொடுத்து "நீங்கள் தயிர் சேர்த்துச் செய்து பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். அவர் சோதிப்பது வேறு கேக் ஆகிவிடும். அவருக்கு அடுத்த குறிப்பைக் கொடுங்கள்.

சமைத்ததை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் அறை வெப்பம் நேராக அதற்குள் விழுகிறது. மொத்தம் 4 மணி நேரம் வெளியே இருந்த உணவை எறிந்துவிடுங்கள். சோற்றில் இன்னும் கவனம் தேவை. அதில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விட்டுச் செல்லும் ஒரு நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சோற்றில் செய்யும் குறிப்புகளைச் சோதிக்கும்போது சோறு எப்போது குளிர்பெட்டிக்குள் போனது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

8. முதல் ஆளின் அடுப்படியில் வாய் திறக்காமல் நில்லுங்கள்

ஐந்து பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். முதலில் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் அடுப்பில், அவர் பாத்திரத்தில் சமைப்பதைப் பாருங்கள். சமையல் தெரியாதவராக இருந்தால் நல்லது. ஒரே ஒரு விதி: அவர் கையைச் சுட்டுக்கொள்ளப் போனாலொழிய நீங்கள் பேசக் கூடாது.

உட்லண்ட்ஸில் வாடகை அறையில் இருக்கும் ஒரு தம்பி இப்படித்தான் எங்கள் குழு மாமி ஒருவரின் சார்டின் குழம்பைச் செய்தார். தாளில் "எலுமிச்சை அளவு புளி" என்று இருந்தது. தம்பி குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். ஒரு மஞ்சள் லெமனையும், டப்பாவில் மிச்சமிருந்த லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையில் ஒன்றையும் எடுத்து வெட்டுப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு கையில் புளிப் பாக்கெட். "அக்கா, இதுல எந்த எலுமிச்சை?" என்று என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு லெமன் அளவுக்குப் புளியைப் பிய்த்துப் போட்டார். குழம்பை வாயில் வைக்க முடியவில்லை.

அன்று நான் பதில் சொல்லியிருந்தால் குழம்பு நன்றாக வந்திருக்கும், அந்த வரி அப்படியே மற்ற வீடுகளுக்கும் போயிருக்கும். இப்போது அந்த இடத்தில் "கொட்டையில்லாப் புளி 20 கிராம், 150 மில்லி வெந்நீரில் 10 நிமிடம்" என்று இருக்கிறது.

அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியைத் திரும்பப் படிக்கிறார், எந்தப் பாத்திரத்தைத் தேடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் "தாளில் இருப்பதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிடலாம். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தாளில் ஏற வேண்டும். மாமிகளுக்கு இந்த மௌனம் பெரும் பாடு. பேசாமல் இருக்க முடியாதவர் தன் குறிப்பு சோதிக்கப்படும் அன்று போகாமல் இருப்பதே நல்லது, வேறு யாராவது போகட்டும்.

9. மற்றவர்களுக்கு அனுப்பும் தாளும் கேள்விகளும்

திருத்திய தாளை இப்போது மற்றவர்களுக்கு அனுப்பலாம். தலைப்பில் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பழையதையும் இன்னொருவர் புதியதையும் செய்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள். உங்கள் குழம்பின் படத்தை அனுப்பவே வேண்டாம். படத்தைப் பார்த்ததும் தாளை விட்டுவிட்டு அந்த நிறம் வரும் வரை மிளகாய்த்தூளைக் கொட்டுவார்கள். படம் கடைசிப் பதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நம் பழக்கத்தில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. இவற்றைக் கேளுங்கள்:

கல்லாவில் எவ்வளவு கட்டினீர்கள், ரசீதுப் படம் எங்கே? எந்தப் பொருள் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக என்ன போட்டீர்கள்? கத்தியை எடுத்த நேரம், சாப்பிட உட்கார்ந்த நேரம்? எந்த வரியை இரண்டு முறை படித்தீர்கள்? எத்தனை பேர் சாப்பிட்டார்கள், மறுநாள் எவ்வளவு மிச்சம்? அடுத்த வாரம் உங்கள் சொந்தக் காசில் இதை மறுபடி செய்வீர்களா?

கடைசிக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. சுவைக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு இதற்கு "பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால், எங்கோ வேலை அதிகம் அல்லது விலை அதிகம். போன் போட்டுக் கேளுங்கள்.

பதிலைச் சமைத்த அன்றே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் போனால் பாத்திரம் கழுவிய எரிச்சல் மறந்துவிடும், அந்த எரிச்சல் நமக்கு வேண்டும். படம் எடுப்பதாக இருந்தால் சன்னல் வெளிச்சத்தில், கேக்கை வெட்டிய பக்கம் தெரிய, ஒரு வெள்ளி நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உயரம் தெரிந்துவிடும்.

10. பேக்கிங் என்றால் கூடுதலாக இவை

குழம்பை நடுவில் சரிசெய்யலாம். ஓவனுக்குள் போனதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பேக்கிங் குறிப்புக்கு ஒவ்வொருவரிடமும் அதிகத் தகவல் வாங்க வேண்டும்.

முதலில் ஓவன். சிறிய மேசை ஓவன்களில் குமிழ் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் பல நேரம் ஒன்றல்ல. ஒரு வெப்பமானியை வாங்கிக் குழுவுக்குள் சுற்றில் விடுங்கள்; ஆளுக்கு ஒன்று தேவையில்லை. விசிறி ஓடும் ஓவனுக்கு 20 டிகிரி குறைத்து எழுதுவது வழக்கம். ஏர் ஃபிரையரில் சூடு மேலிருந்து நெருக்கமாக அடிக்கும். மேல்பக்கம் கருத்து நடு வேகாமல் நிற்பதைத் தடுக்க, நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூட வேண்டும். ஏர் ஃபிரையருக்குத் தனி வரி எழுதுங்கள், அல்லது அது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தட்டின் அளவு. 8 அங்குலச் சதுரத் தட்டுக்கும் 9 அங்குலத்துக்கும் ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பு 64க்கு 81, அதாவது கால் பங்குக்கு மேல் அதிகம். அதே மாவு அதில் மெலிந்து காய்ந்துபோகும். எல்லோரிடமும் தட்டின் அளவை முதலிலேயே கேட்டுவிட்டு, அதிகம் பேரிடம் இருக்கும் அளவுக்குக் குறிப்பை எழுதுவதுதான் சிக்கனம். கேக் செய்வதற்காகத் தட்டு வாங்க வைத்தால் அது கடைக் கணக்கில் ஏறும்.

நம் ஊர் வெப்பத்தைத் தாளில் எழுதியாக வேண்டும். வெளிநாட்டுக் குறிப்பில் "அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்" என்றால் 20 டிகிரி அளவு. சிங்கப்பூர் அடுப்படி 30 டிகிரி. இங்கே அப்படியே விட்டால் வெண்ணெய் இளகி எண்ணெயாகிவிடும், சர்க்கரையோடு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. "விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பளபளவென்று ஒட்டக் கூடாது" என்று எழுதுங்கள். ஈஸ்ட் மாவும் இங்கே சீக்கிரம் உப்பும். "ஒரு மணி நேரம்" என்பதை விட்டுவிட்டு "இரண்டு மடங்காகும் வரை, 35 நிமிடத்திலிருந்தே பார்க்கவும்" என்று போடுங்கள்.

உப்பவைக்கும் தூள்கள் ஈரப்பதத்தில் வலுவிழக்கும். பேக்கிங் பவுடரை ஒரு கரண்டி வெந்நீரில் போட்டால் பொங்க வேண்டும், பேக்கிங் சோடாவை வினிகரில் போட்டால் நுரைக்க வேண்டும். இந்தச் சோதனையை எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாரோ வீட்டுப் பழைய டப்பாவின் குற்றம் உங்கள் குறிப்பின் தலையில் விழும். செல்ஃப் ரைசிங் மாவு போட்டுவிட்டு அதன்மேல் பேக்கிங் பவுடரும் சேர்ப்பது இன்னொரு வழக்கமான பிழை. கேக் மளமளவென்று எழும்பி நடுவில் குழிந்துவிடும்.

11. மலிவுப் பொருள் போதுமா என்று முடிவு செய்ய மூன்று தட்டு

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை என்று மாற்றும்போது, "எனக்கு வித்தியாசம் தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

வாழைப்பழக் கேக்கை வெண்ணெயில் ஒன்று, எண்ணெயில் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொருவர் முன்னும் மூன்று தட்டு வையுங்கள். இரண்டில் ஒரே கேக், ஒன்றில் மற்றது. எது தனியானது என்று மட்டும் கேளுங்கள், எது பிடித்தது என்று கேட்க வேண்டாம். தட்டுகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். நடுநடுவே தண்ணீர். நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் பதிலை இன்னொருவர் கேட்கக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதனால் 6 பேரில் 2 அல்லது 3 பேர் கண்டுபிடித்தது ஒன்றையும் காட்டாது. 5 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் மலிவானதை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஒவ்வாமை விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்: வேர்க்கடலை மாற்றம் சிலருக்கு உயிர் விஷயம்.

12. பதில்களைப் படித்துத் திருத்துவது

ஒரு வீட்டில் மட்டும் கெட்டால் முதலில் அந்த வீட்டின் ஓவனையும் தட்டையும் பிராண்டையும் பாருங்கள். இரண்டு வீட்டில் ஒரே வரியில் சறுக்கினால் அந்த வரிதான் தப்பு. அவர்கள் கவனமாகப் படிக்கவில்லை என்று வாதாடிப் பயனில்லை.

உப்பு, காரம் பற்றிய கருத்துகள் இரு பக்கமும் வரும். ஒருவர் குறைவு என்பார், இன்னொருவர் அதிகம் என்பார். பிரிந்து நின்றால் தொடாதீர்கள், "சுவைத்துப் பார்த்து அரை டீஸ்பூன் வரை சேர்க்கலாம்" என்று மட்டும் எழுதுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் மாற்றுங்கள்.

ஒரு பதிப்பில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கேக் இறுகலாக இருக்கிறது என்று மாவைக் குறைத்து, முட்டையைக் கூட்டி, நேரத்தையும் குறைத்தால், அடுத்த முறை நன்றாக வந்தாலும் எதனால் என்று தெரியாது. சிக்கனக் குறிப்பில் இது கூடுதல் நஷ்டம். தேவையே இல்லாத அந்த ஒரு முட்டை காலத்துக்கும் குறிப்பில் தங்கிவிடும்.

பொருளை மாற்றிப் போட்டவர்களின் பதிலைத் தனியே வையுங்கள். டெம்பேக்கு (புளிக்கவைத்த சோயாக் கட்டி) பதில் தவ்வா (கெட்டி டோஃபு) போட்டேன், நன்றாக வரவில்லை என்பது உங்கள் குறிப்பைப் பற்றிய தகவல் அல்ல. ஆனால் மூன்று பேர் ஒரே பொருளை மாற்றியிருந்தால், அது கிடைக்கவில்லை அல்லது விலை கட்டவில்லை என்று பொருள். அப்போது பொருளையே மாற்றிப் பழையபடி 5ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.

திருத்தியதை ஏற்கெனவே செய்தவரிடம் கொடுக்காதீர்கள். அவருக்குக் குறிப்பு மனப்பாடமாகியிருக்கும். புதியவர் ஒருவரை இதற்காகவே ஆரம்பத்திலிருந்து ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

13. எப்போது நிறுத்துவது

புதியவர் ஒருவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் செய்து முடித்து, ரசீது நீங்கள் எழுதிய கடைக் கணக்குக்குள் அடங்கினால் நிறுத்திவிடலாம். இன்னும் ருசியாக்கலாமே என்று இழுக்காதீர்கள், அது வேறு குறிப்பு.

கடைசித் தாளின் மேல் மூன்று விவரங்களைப் போடுங்கள்: சட்டிக் கணக்கு, கடைக் கணக்கு, விலை பார்த்த மாதமும் ஆண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிக் காய்கறியும் மீனும் விலை ஏறும். அந்த வாரத்து ரசீதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கடைக்குப் போய் விலைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும். மறுபடி சமைக்க வேண்டியதில்லை. கடைக் கணக்கு வரம்பைத் தாண்டியிருந்தால் குறிப்பைத் தொகுப்பிலிருந்து எடுத்து வையுங்கள், விலை இறங்கினால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.